எட்டு வெற்றுப் படிவத்தில் கையெழுத்து

முதலில் தந்த பேனை எழுதவில்லை. இரண்டு தரம் உதறிப் பார்த்தேன். தாளில் மை இல்லாத ஒரு கீறல் மட்டும் விழுந்தது. அப்பாடா, இன்றைக்கு இது நடக்காது என்று ஒரு கணம் மனம் ஆறியது.

பரமு அண்ணை தன் சட்டைப் பையில் இருந்த பேனையைக் கழற்றி நீட்டினார்.

"இந்தாரும் தங்கச்சி. இது நல்லா எழுதும்."

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் அவருடைய றியல் எஸ்ரேற் அலுவலகம். மாசி மாதத்துச் சனிக்கிழமைக் காலை. சுவரோரத்து ஹீற்றர் கடகடத்துக்கொண்டு இருந்தது. ஆனாலும் சப்பாத்துக்குள் போயிருந்த பனி உருகி என் கால்விரல்கள் விறைத்துப் போயிருந்தன.

மேசையில் எட்டுப் படிவங்கள். வீடு வாங்குகிறவர் விற்கிறவருக்குக் கொடுக்கும் ஒஃபர் படிவம். மேல் தாளில் எழுதினால் அடித்தாள்களிலும் பதியும். வீட்டு விலாசம் எழுதும் இடம் வெறுமை. விலை வெறுமை. வாங்குபவர் பெயர், விற்பவர் பெயர், நிபந்தனைகள் எல்லாமே வெறுமை. அடியில் ஏஜென்ற் என்ற கோட்டிலும் சாட்சி என்ற கோட்டிலும் மட்டும் பென்சிலால் சின்னப் புள்ளடி போட்டிருந்தது.

"ஆக்கள் வீடு பாக்கிற நேரம் நீர் ஃபக்டரியில நிப்பீர். உமக்காக ஒரு டீல் காத்துக்கொண்டு நிக்குமே? உது ஒரு வசதிக்குத்தான். நீர் வராட்டிலும் உம்மட பேரில அலுவல் நடக்கும். உமக்கும் பங்கு வரும்."

பக்கத்துக் கதிரையில் நஸீமா. என்னோடு ஒரே வகுப்பில் படித்துச் சித்தியடைந்தவள். அவளுக்கு முன்னாலும் எட்டுப் படிவங்கள். என் பக்கம் சாய்ந்து மெல்லிய குரலில் கேட்டாள்.

"மலர், நீங்க போடுறீங்களா? நீங்க போட்டா நானும் போடுறேன்."

வேண்டாம் என்று எழும்ப எனக்குத் துணிவு வரவில்லை. போட்டேன். நான் போட்டு முடித்த பிறகுதான் நஸீமா பேனையை எடுத்தாள்.

சுவரில் தொங்க ஓர் இடம்

றியல் எஸ்ரேற் சோதனை பாஸ் பண்ணிவிட்டால் அடுத்த நாளே வீடு விற்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்படி இல்லை. ஒரு புறோக்கர் 'இவர் என்னுடைய ஆள்' என்று கையெழுத்து வைத்தால்தான் லைசென்ஸ் வெளியே வரும். வந்தாலும் நம் வீட்டுக்கு வராது. அந்தப் புறோக்கரின் சுவரில்தான் தொங்கும். குறித்த காலத்துக்குள் யாரிடமும் சேராவிட்டால் படித்தது முழுவதும் வீண்.

நான் வேலை செய்த கண்ணாடி ஃபக்டரி பற்றி இந்தத் தொடரில் முன்னமே எழுதியிருக்கிறேன். மூக்குக்கண்ணாடி வில்லைகளைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, கீறல் பார்க்கிற வேலை. அந்த வருடம் ஃபக்டரியை வேறு ஊருக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது. சூப்பர்வைசர் கையில் தாளோடு எங்கள் வரிசைப் பக்கம் வந்தாலே எனக்கு வில்லை நழுவும். அந்தப் பயத்தில்தான் லைசென்ஸுக்கான பின்னேர வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் நாள் வகுப்பில் கடைசி வரிசையில் நஸீமா இருந்தாள். இலங்கை மலைநாட்டில் கம்பளைப் பக்கத்து முஸ்லிம் பெண். ஒரு சூப்பர்மார்க்கெற்றின் பேக்கரிப் பகுதியில் வேலை. நான் யாழ்ப்பாணத் தமிழ் பேச, அவள் 'இருக்கு' என்பதற்கு 'ஈக்கி' என்கிற தன் ஊர்த் தமிழ் பேச, ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்கச் சில நாள் எடுத்தது. புத்தகம் விலை என்றபடியால் இருவருக்குமாக ஒன்று வாங்கினோம். சப்வேயில் நான் கேள்வியை வாசிப்பேன், அவள் பதில் சொல்வாள். கெனடி ஸ்டேஷனில் இறங்கி, அங்குள்ள வாங்கில் அமர்ந்து, அவள் கொண்டுவந்த, உள்ளே கறி வைத்துப் பொரித்த பற்றிஸைச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஆளுக்கொரு பஸ் ஏறுவோம்.

கடைசிச் சோதனையில் அவள் பாஸ். நான் ஃபெயில்.

"நீர் போய் எங்கயாவது சேரும் நஸீமா" என்றேன்.

"உங்கள உட்டுட்டு நான் மட்டும் போறதா? நல்லா ஈக்கி கதை" என்றாள்.

நான்கு மாதம் காத்திருந்தாள். நான் இரண்டாம் தரம் எழுதிப் பாஸ் பண்ணும் வரைக்கும்.

நூறு பெயர்கள்

பரமு அண்ணையிடம் போகுமுன் இரண்டு பெரிய அலுவலகங்களுக்குப் போனோம்.

முதலாவதில் கம்பளம் கால் புதையும் அளவுக்கு இருந்தது. மனேஜர் சிரித்துக்கொண்டு வந்தார். இருவரும் முழுநேரமா என்று கேட்டார். இல்லை, வேறு வேலையும் செய்கிறோம் என்றதும் மேசையில் இருந்த ஃபைலை மூடினார். சத்தமில்லாமல்தான் மூடினார். அந்த மூடல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இரண்டாவது இடத்தில் ஒரு தாளைத் தந்து, வாடிக்கையாளராகக் கூடிய, எங்களுக்குத் தெரிந்த நூறு பேரின் பெயரை எழுதச் சொன்னார்கள். நான் இருபத்துமூன்றில் நின்றேன். நஸீமா நாற்பதுவரை போனாள். அதில் ஒருவர் எங்கள் பஸ் ட்ரைவர். எட்டிப் பார்த்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த மனேஜர் சொன்னார், புதிதாகச் சேருகிறவர்கள் வாரத்தில் ஒரு நாள் அலுவலகத் தொலைபேசிக்கு முன்னால் இருந்து, வருகிற அழைப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று.

என் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு ஆங்கிலம் விளங்கும். ஆனால் பேசுகிறவரின் வாயைப் பார்த்துத்தான் விளங்கும். உதடு எப்படி அசைகிறது என்று பார்த்து, வந்த சத்தத்தோடு பொருத்தி, சொல்லைப் பிடிப்பேன். ரெலிபோனில் வாய் தெரியாது. அந்த அறையில் ஒரு கறுப்பு ரெலிபோன் இருந்தது. நாங்கள் அங்கே இருந்த நேரம் முழுவதும் அது அடித்துவிடுமோ, யாராவது என்னை எடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் நான்தான் நஸீமாவிடம் சொன்னேன். "பரமு அண்ணையிட்டப் போவம். தமிழிலயே எல்லாம் செய்யலாம்."

அவளுக்கு அவரைத் தெரியாது. எனக்குத் தெரியும். என்னுடைய இவர் கனடாவுக்கு வந்து மூன்றாம் மாதம், உலோகத்துக்கு முலாம் பூசும் ஃபக்டரி ஒன்றில் வேலை எடுத்துக் கொடுத்தது பரமு அண்ணைதான். அங்கே ஃபோர்மன் அவருடைய மச்சான். வேலை எடுத்துத் தந்த மனிதர் தவறாக எதுவும் செய்வாரா?

லீக்ஸ் நறுக்கிய கத்தி

கையெழுத்து வைத்த அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது இவர் குசினியில் கறிக்கு லீக்ஸ் நறுக்கிக்கொண்டு இருந்தார். சனிக்கிழமைகளில் சமையல் அவருடையது.

"சரிவந்திட்டுது" என்றேன். குரலில் சந்தோசத்தை வரவழைத்துக்கொண்டு. "பரமு அண்ணை சேர்க்கிறார். பேப்பர் எல்லாம் சைன் பண்ணியாச்சு."

"என்ன பேப்பர்?"

சொன்னேன். அவருடைய கத்தி பாதியில் நின்றது.

"வெத்துப் பேப்பரிலயோ கையெழுத்து வைச்சனீர்?"

"ஒரு வசதிக்குத்தானாம்."

கத்தியைப் பலகையில் வைத்தார். கையைக் கழுவினார். துடைக்கவில்லை. ஈரக் கையோடு கதிரையில் இருந்து, நிலத்தைப் பார்த்தபடி பேசினார். கலியாணம் முடித்து ஆறு வருடத்தில் நான் ஒரு நாளும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"ஆமிக் காம்பில என்னட்டை ஒரு வெள்ளைப் பேப்பரைத் தந்து, கீழ கையெழுத்தை வை, வீட்டை விடுறம் எண்டவங்கள். வைச்சனான். அடுத்த நாள் அந்தப் பேப்பர் முழுக்க எழுத்து. எனக்குத் தெரியாத பாசை. அதை வைச்சுத்தான் என்னை ரண்டு வருசம் உள்ளுக்க வைச்சிருந்தவங்கள்." ஈரக் கையைத் துடைத்துவிட்டு, "அதில என்ன எழுதினவங்கள் எண்டு இண்டைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது" என்றார்.

அவர் உள்ளே இருந்தது எனக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது. நான் கேட்டதில்லை. கேட்கக் கூடாத விசயம் என்று எங்கள் வீட்டில் சில இருந்தன.

"நான் போய்த் திருப்பி வாங்கட்டோ?" என்றேன்.

அவர் எழும்பிப் போய் மிச்ச லீக்ஸை நறுக்கினார். என் மனதில் ஓடியதுதான் அவர் மனதிலும் ஓடியிருக்கும். பரமு அண்ணை கோபித்தால், ஃபோர்மன் மச்சான் இருக்கிறார். எங்களுக்கு அப்போது இன்னும் நிரந்தர வதிவிடம் சரிவரவில்லை. வேலை இல்லை என்று குடிவரவுக் கந்தோருக்கு ஒரு தாள் போனால் அது எங்கே போய் முட்டும் என்று தெரியாது. அந்தக் காலத்தில் எங்களுக்கு எல்லாத் தாளும் பயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ரெலிபோன் அடிக்கும்போதெல்லாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேசையில் இருந்து, என் கையெழுத்துக்கு மேலே ஒரு வீட்டின் விலாசத்தை எழுதிக்கொண்டிருப்பது போலவே எனக்கு இருந்தது. அது எந்தத் தெருவாக இருக்கும் என்றுகூட யோசித்தேன்.

பதினாலு படி

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நேரே போனேன். சேலைக் கடைக்குப் பக்கத்து ஒடுங்கிய படிக்கட்டு. பதினாலு படி. ஆறாவது படியில் ஒரு தரம் திரும்பினேன். பிறகு ஏறினேன்.

பரமு அண்ணை மேசையில் பேப்பரை விரித்து மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கையில் அதை வைத்துக்கொண்டே கேட்டேன்.

"அண்ணை, அந்தப் பேப்பருகள்... இவர் வேண்டாமெண்டு சொல்லுறார். எனக்கும் வேலையோட இது சரிவராது போல கிடக்கு. தருவீங்களோ?"

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"ஏன் தங்கச்சி, நான் உம்மை விழுங்கிப் போடுவனோ?"

மேசை லாச்சியை இழுத்தார். உள்ளே இரண்டு கட்டு, இரண்டிலும் றப்பர் வளையம். ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். எண்ணிப் பார்க்க வெட்கமாக இருந்தது. பயம் வெட்கத்தை விடப் பெரிது. எண்ணினேன். எட்டு.

லாச்சி திறந்தே கிடந்தது. மற்றக் கட்டின் மேல்தாளில் நஸீமாவின் கையெழுத்து தெரிந்தது. வட்ட வட்டமாக, பள்ளிப்பிள்ளை எழுதியது போல.

"சிவம் என்ன செய்யுறார்? வேலை எப்பிடிப் போகுது?" என்று இவரைப் பற்றிக் கேட்டார்.

"ஓம் அண்ணை, நல்லாப் போகுது."

"மச்சானும் சொன்னவன். சோலி இல்லாத ஆள் எண்டு." ரோல்ஸ் துகளை விரலால் ஒற்றி எடுத்தார். "இது எங்களுக்குள்ள இருக்கட்டும், என்ன? மற்றப் பிள்ளையிட்டச் சொல்லிக் குழப்பாதையும். அவ பாவம், சந்தோசமா இருக்கிறா."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம், அவளுடையதையும் தாருங்கள் என்று. கையை நீட்டினால் எட்டும் தூரம்.

"ஓம் அண்ணை" என்றேன்.

வீட்டுக்கு வந்து எட்டுப் படிவங்களையும் கத்தரிக்கோலால் நறுக்கினேன். ஒரே குப்பைப் பையில் போடப் பயந்து மூன்று பைகளில் பிரித்துப் போட்டேன்.

பஸ்ஸைச் சாட்டி

அடுத்த நாள் நஸீமாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். பரமு அண்ணையின் அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டி இருக்கிறது, வீட்டுக்குக் கிட்ட வேறு இடம் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"நீங்கதானே என்னைய அங்க கூட்டிட்டுப் போனீங்க?"

"நல்ல இடம்தான் நஸீமா. எனக்குத்தான் தூரம்."

'நல்ல இடம்தான்' என்று சொன்னேன். அதைச் சொல்லத் தேவை இருக்கவில்லை. என் வாயில் அது தானாக வந்தது.

இதற்குப் பிறகும் நாங்கள் சந்தித்தோம். நோன்புப் பெருநாளுக்கு அவர்கள் வீட்டில் போய்ப் புரியாணி சாப்பிட்டேன். அவளுடைய லைசென்ஸ் வந்துவிட்டது. பரமு அண்ணை தங்கமான மனிசன் என்றாள், தான் போகாத நாளிலும் தன் பேரில் ஏதோ நடந்து பங்கு வருகிறது என்றாள். சொல்ல வாயெடுத்தேன். இவருடைய ஃபக்டரிச் சீருடை கண்ணுக்கு முன்னால் வந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு வேறு கதை கதைத்தேன்.

டொரீன்

யாரிடமாவது சேரவேண்டிய காலம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது எனக்கு இடம் கிடைத்தது. கிங்ஸ்ரன் ரோட்டில், ஒரு பல்வைத்தியருக்குப் பக்கத்தில், மூன்று மேசை போட்ட சிறிய அலுவலகம். புறோக்கர் டொரீன், ட்ரினிடாட்டில் இருந்து வந்த பெண்மணி. என்னைவிடப் பத்து வயது மூப்பு இருக்கும். வாசலில் 'பார்ட் ரைம் ஆட்களும் தேவை' என்று கையால் எழுதி ஒட்டியிருந்தாள். அந்த ஒரு வரிக்காகத்தான் உள்ளே போனேன்.

ரெலிபோன் பயத்தைச் சொன்னேன். மெதுவாகப் பேசச் சொல்லு, உனக்கு விளங்காவிட்டால் அது அவர்களுடைய பேச்சிலும் பிழைதான் என்றாள். வேறு எங்காவது போயிருந்தாயா என்று கேட்டாள். ஓம், பஸ் தூரம் என்று அதே பொய்யைச் சொன்னேன்.

சேர்க்கும் படிவத்தை என் முன்னால் வைத்து, தேநீர் ஊற்றப் போய்விட்டாள். வாசித்து முடித்ததும் கூப்பிடு என்றாள். நாலு பக்கம். ஒரு மணித்தியாலம் எடுத்தது. ஒரு தரம்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை.

அவளுடைய சுவரில் என் லைசென்ஸ் தொங்கியது. முதல் கோடையில் ஒரு வீடு விற்றேன். அதையெல்லாம் எழுதினால் சந்தோசமான அத்தியாயமாக இருக்கும். ஆனால் எனக்கு அந்த மாதங்களில் ஞாபகம் இருப்பது, ஒவ்வொரு முறையும் ஒஃபர் படிவம் ஒன்றை எடுக்கும்போது லாச்சிக்குள் இருந்த அந்த மற்றக் கட்டு நினைவுக்கு வந்ததுதான்.

நஸீமாவின் குரல்

மாசியில் கையெழுத்து. மார்கழியில் ரெலிபோன் வந்தது.

"மலர், எனக்குக் கடிதம் ஒண்டு வந்தீக்கி. லைசென்ஸ் குடுக்கிற இடத்துல இருந்து."

பிக்கரிங்கில் ஒரு குடும்பம் வீடு வாங்கியிருந்தது. வாங்கிக் குடியேறி முதல் பெருமழைக்கு நிலக்கீழ் அறை முழங்கால் அளவுக்குத் தண்ணீர். வாங்குமுன் வீட்டைப் பரிசோதிக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒஃபரில் வெட்டப்பட்டிருந்தது. வெட்டியது யார், விளங்கப்படுத்தியது யார் என்று பார்த்தால் ஏஜென்றும் சாட்சியும் நஸீமா. அந்தக் குடும்பத்துப் பெண் விசாரணையில் சொன்னாளாம், எங்களுக்கு வீடு காட்டினது ஒரு ஆம்பிளை, பொம்பிளை ஏஜென்ற் ஒருவரையும் நாங்கள் காணவே இல்லை என்று. அந்த ஆணுக்கு லைசென்ஸே இல்லை. பரமு அண்ணையோ, நஸீமாதான் எல்லாம் செய்தா, தனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"வெறும் பேப்பர்லதான் போட்டேன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. அண்டைக்கு நீங்களும் ஈந்தீங்க தானே. வந்து சொல்லுவீங்களா?"

இவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். றிசீவரைக் கீழே வைத்த பிறகும் கை அதில் ஒட்டிக்கொண்டது போல இருந்தது.

இவர் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும் இடத்திலேயே சொன்னேன். போகாதே என்று சொல்வார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அதை அவர் வாயால் சொல்லவேண்டும் என்று விரும்பினேன். பழி அவரில் போகட்டும் என்று.

அவர் ஒரு சப்பாத்தோடு வாசலில் இருந்தபடி, "எனக்கெண்டு வந்து சொல்ல அண்டைக்கு ஒருத்தரும் இருக்கேல்லை" என்றார். "நீர் போம்."

"உங்கட வேலை?"

"பாப்பம்."

விசாரணை அறை

நகரத்தின் நடுவே ஓர் உயர்ந்த கட்டடம். சப்வேயில் நானும் நஸீமாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போனோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும், அடுத்ததில் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். பதினைந்து ஸ்டேஷன் கடந்தது. சொல்லவில்லை.

விசாரித்தவர் ஒல்லியான வெள்ளைக்காரர். அவருக்குத் தடிமன். ஒவ்வொரு கேள்விக்கும் இடையில் மூக்கைத் துடைத்தார். ஆங்கிலத்தில்தான் கேட்டார். வாயைப் பார்க்க முடிந்ததால் எனக்கு எல்லாம் விளங்கியது.

படிவங்கள் வெறுமையாக இருந்தன என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

அதே மேசையில் நானும் எட்டுப் படிவத்தில் கையெழுத்து வைத்தேன் என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. உன்னுடைய எட்டும் எங்கே?

மூன்று நாள் கழித்துப் போய்த் திருப்பி வாங்கினேன்.

ஏன்?

பயந்தேன்.

பக்கத்தில் நஸீமா திரும்பி என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் அவள் பக்கம் பார்க்கவில்லை.

அவர் மூக்கைத் துடைத்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். திருப்பி வாங்கியதை இந்தப் பெண்ணிடம் சொன்னாயா?

சொன்னேன் என்று சொல்லியிருக்க முடியாது. நஸீமா அங்கேயே இருந்தாள். ஆனால் கொஞ்சம் மழுப்பியிருக்கலாம். ஞாபகம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படி ஒன்றைத் தேடி என் மனம் ஓடியதும் உண்மை.

"இல்லை" என்றேன். "சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று அந்தப் புறோக்கர் சொன்னார். என் கணவரின் வேலை அவர் கையில் இருந்தது. அவளுடைய படிவக் கட்டை அந்த லாச்சிக்குள் கண்டேன். கண்டும் சொல்லவில்லை."

அவர் எழுதினார்.

லிஃப்ற்றில் நானும் அவளும் மட்டும். கதவு மூடியது. நஸீமா அழவில்லை. எண்கள் இறங்குவதைப் பார்த்தபடி பேசினாள்.

"பெருநாளைக்கு எங்கட ஊட்டுக்கு வந்தீங்க. அப்பவும் தெரியும் உங்களுக்கு."

"ஓம்."

"உங்களுக்காக நான் நாலு மாசம் காத்துட்டு ஈந்தேன், மலர்."

கதவு திறந்ததும் அவள் முன்னால் நடந்தாள். சப்வேப் பக்கம் போகவில்லை. எதிர்ப்பக்கம் போனாள். பின்னால் போகப் பயந்து, அவள் தலைத்துணி கூட்டத்தில் மறையும்வரை அங்கேயே நின்றேன்.

பிறகு

பரமு அண்ணையின் லைசென்ஸ் பறிபோனது. அவர் அலுவலகம் இருந்த மேல்மாடியில் பிறகு ஒரு நடன வகுப்பு வந்தது. பிக்கரிங் குடும்பத்துக்கு வக்கீல் மூலம் ஏதோ ஒரு தீர்வு கிடைத்ததாகக் கேள்வி. நஸீமாவின் லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தினார்கள். முற்றாகப் பறிக்காததற்கு நான் சொன்னது காரணம் என்று கடிதத்தில் இருந்ததாம்.

இவரை யாரும் வேலையால் நிற்பாட்டவில்லை. அமிலத் தொட்டிப் பகுதிக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் இருமிக்கொண்டு போய்வந்தார். பிறகு தானாகவே விட்டுவிட்டு மிசிசாகாவில் வேறு வேலை எடுத்தார். போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. கோயிலில் சில பேர் மட்டும் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பார்த்தார்கள்.

அடுத்த வருடம் கோடைமுடிவில், டொரீனின் அலுவலகத்தில் ரெலிபோன் அடித்தது. எடுத்தேன்.

"மலர், நான் நஸீமா. உங்க ஆபீஸ்ல இடம் ஈக்கா?"

தண்டனைக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அப்படி ஒரு பதிவு உள்ளவளை எந்தப் புறோக்கரும் எடுக்கிறார்கள் இல்லை. ஏழு இடத்தில் கேட்டுவிட்டாளாம். எட்டாவதாகத்தான் என்னிடம் வந்தாள். அதை மறைக்காமல் சொன்னாள்.

டொரீனிடம் போனேன். எல்லாவற்றையும், பஸ் பொய் உட்பட, சொன்னேன். என்னையும் போகச் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தப் பெண் நேர்மையானவளா என்று மட்டும் கேட்டாள்.

"என்னைவிட" என்றேன்.

திங்கட்கிழமை வரச் சொல் என்றாள்.

அந்தத் திங்கட்கிழமை போல நான் பயந்த நாள் என் வாழ்க்கையில் குறைவு. நஸீமா வந்தாள். குட்மோர்னிங் சொன்னாள். பக்கத்து மேசையில் கைப்பையை வைத்தாள். ரெலிபோன் பார்க்கும் நாட்களை எப்படிப் பிரிக்கலாம் என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஒரே அறையில் வேலை செய்தோம். அவள் லீவு எடுத்தால் அவளுடைய ஆட்களுக்கு நான் வீடு காட்டுவேன். எனக்குச் சுகமில்லாவிட்டால், விற்கும் வீட்டைத் திறந்து வைத்து எல்லோருக்கும் காட்டும் என் ஓபன் ஹவுஸுக்கு அவள் போய் இருப்பாள். என் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு வந்தாள். அவளுடைய வாப்பா மௌத்தானபோது செத்தவீட்டுக்கு நான் போனேன். ஆனால் பற்றிஸ் கொண்டுவந்தால் எல்லோருக்கும் நடுவில் பெட்டியைத் திறந்து வைப்பாள். முன்னைப் போல என் கையில் தரமாட்டாள்.

என்னை மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்டதில்லை. இத்தனை வருடத்தில் கேட்க வாய்ப்பு எத்தனையோ இருந்தது. அவள் 'இல்லை' என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

இந்தத் தொடரை அவள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாசிக்கிறாள். வாசித்துவிட்டு ரெலிபோன் எடுத்துப் பிழை பிடிப்பாள், அந்தக் கடை அந்தத் தெருவில் இல்லை, அந்த வருடம் பனி அவ்வளவு இல்லை என்று. இதையும் வாசிப்பாள்.